பதினோராவது அடி

"இயன்ற விரைவில்னா எத்தன அடி, தம்பி?" என்று கேட்டாள் வெர்னா ஆமோஸ்.

லூசியஸ் பெட்டிஃபோர்ட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். எதைக் கேட்டாலும் அதைப் பிரித்துப் போட்டுப் பொறுமையாக விளக்குகிற மனிதர் அவர். மாநிலச் சட்டமன்றத்துக்கு வருவதற்கு முன் இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். 

மசோதா ஒரே பக்கம்தான். ஒரு போலீஸ்காரர் அளவு மீறி அடிப்பதைப் பார்க்கும் இன்னொரு போலீஸ்காரர், அவரை உடனே தடுக்க வேண்டும். தடுக்காமல் நின்றால் உரிமம் பறிபோகும். அதன்பிறகு மாநிலத்தில் எந்த ஊரிலும் அவருக்குப் போலீஸ் வேலை கிடையாது. அவ்வளவுதான். வெர்னாவின் மகன் ஜெரெல் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு போலீஸ்காரர்கள் தடியால் இருபத்திமூன்று முறை அடித்து அவனைக் கொன்றார்கள். நான்கு பேர் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர் கையில் காபிக் கோப்பை இருந்தது. அடித்த இருவரும் சிறையில் இருக்கிறார்கள். நின்ற நால்வரும் இன்றைக்கும் ரோந்து போகிறார்கள். சும்மா நிற்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார் நீதிபதி. அவர் சொன்னது சரிதான். அதனால்தான் கறுப்பின, லத்தீன், ஆசிய உறுப்பினர்கள் பதினேழு பேர் மூன்றாவது வருடமாக இந்த ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

"சபையில மொத்தம் தொண்ணூத்தொம்போது பேரு, அக்கா," என்றார் லூசியஸ். "அம்பது ஓட்டு வேணும். நம்மகிட்ட நாப்பத்தொம்போது இருக்கு. கிராண்டல் ஒருத்தர்தான் பாக்கி. 'உடனே'ங்கிற வார்த்தைய எடுத்துட்டு 'இயன்ற விரைவில்'னு போட்டா ஓட்டுப் போடறேன்னாரு. நான் சரின்னுட்டேன்."

"அந்தப் பால் பண்ணைக்காரனா?"

"அவருதான். கெட்ட மனுசன் இல்ல. அவரு ஊர் போலீஸ்காரங்க பயப்படுறாங்களாம்."

"பயப்படட்டுமே. என் புள்ளைக்கு இருபத்திமூணு விழுந்துச்சு. அதுல எத்தனாவது அடியில இந்த இயன்ற விரைவு வரும்? மிசின் வேல பாத்தவனாச்சே நீ, கணக்குப் போட்டுச் சொல்லு."

அவளைச் சபையின் மேல்மாடத்தில் உட்கார வைக்கத்தான் லூசியஸ் காலையில் கிழக்கு மார்லோவுக்குப் போய் அழைத்து வந்துகொண்டிருந்தார். ஓட்டு விழும்போது அவள் அங்கே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

கார் ஸ்பீக்கரில் போன் அடித்தது. மாரிசெல் ஒகாம்போ. பக்கத்து இருக்கை உறுப்பினர். மசோதாவின் வாக்குகளை விரல் நுனியில் வைத்திருப்பவள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? மூணரைக்கு நம்ம மசோதா. மாப்பிள்ளையக் காணாத கல்யாண வீடு மாதிரி எல்லாரும் வாசலையே பாத்துட்டு இருக்கோம்."

"முப்பது மைல்தான் மாரிசெல்."

"நீங்க ஓட்டற வேகத்துக்கு அதுக்குள்ள அடுத்த தேர்தலே வந்துரும். இன்னிக்குக் கடப்பு நாள், ஞாபகம் இருக்கில்ல?"

மறக்குமா? இந்தச் சபையில் தொடங்கிய மசோதா இன்று மாலை ஐந்து மணிக்குள் நிறைவேறி மேல்சபைக்குக் கடந்துவிட வேண்டும். கடக்காவிட்டால் அது செத்துப்போனதாகக் கணக்கு. மறுபடி அடுத்த வருடம் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பின்கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழன்றன.

லூசியஸ் காரை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் தெரியும்படி வைத்தார். ஒவ்வொரு வசந்தத்திலும் சர்ச்சின் நிலவறையில் இளவட்டங்களைக் கூட்டி அவர் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கை தெரியணும். அசையறதுக்கு முன்னாடி சொல்லணும். சொல்லி, அவங்க சரின்ன பிறகுதான் அசையணும். அங்கே கொடுக்கிற துண்டுச் சீட்டை எழுதியதே அவர்தான்.

மாவட்டப் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஐம்பதைத் தாண்டிய தடித்த ஆள். சட்டையில் சார்ஜென்ட் ஹோலிங்கர் என்று இருந்தது. கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்பு டார்ச். பின்னால் வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் ட்ராமெல்.

"எங்க இவ்ளோ அவசரம்?" என்றார் ஹோலிங்கர்.

அங்கேதான் லூசியஸ் தப்புச் செய்தார். அதை அவர் மாதிரி ஒரு ஆள்தான் செய்ய முடியும்.

சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் கோட்டில் குத்திக்கொள்ளக் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வில்லை உண்டு. தலைநகரில் அந்த வில்லையைத் தொட்டுக் காட்டினால் போதும். காவலாளி சோதிக்க மாட்டார், கதவு திறக்கும், ஹோட்டலில் மேஜை கிடைக்கும். அதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது: கூட்டத்துக்குப் போகும் உறுப்பினரை வழியில் கைது செய்யக்கூடாது, தேசத்துரோகம், பெருங்குற்றம், அமைதிக்குலைவு ஆகிய மூன்றைத் தவிர. ஏழு வருடமாக எந்த வாசலில் நின்றாலும் லூசியஸின் கை தானாக வில்லைக்குப் போய்ப் பழகியிருந்தது. இன்று வில்லை கோட்டில் இருந்தது. கோட்டு, கசங்காமல் இருக்கட்டும் என்று பின்சீட்டுக் கொக்கியில் தொங்கியது.

"சட்டமன்ற உறுப்பினர் சார் நான். கூட்டத்துக்குப் போயிட்டிருக்கேன். பாருங்க, இதோ—"

வலது கை பின்னால் போய்விட்டது. போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"கை! கைய எடுறா!"

கதவு பிடுங்கித் திறக்கப்பட்டது. கழுத்து டையைப் பிடித்து ஹோலிங்கர் இழுத்த இழுப்பில் லூசியஸ் ரோட்டில் முகம் குப்புற விழுந்தார். பல்லில் சரளைக்கல் நெரிந்தது. முதல் அடி தோள்பட்டை எலும்பில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை அவர் காதால் கேட்கவில்லை, தாடைக்குள் கேட்டார்.

"ஒண்ணு," என்றாள் வெர்னா காருக்குள்ளிருந்து. கத்தவில்லை. சர்ச்சில் பெயர் வாசிக்கிற குரல்.

இரண்டாவது விலாவில். மூன்றாவதைத் தடுக்க வலது கையை நீட்டினார். டார்ச் விரல்களின் மேல் இறங்கியது. இரண்டு விரல்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன.

"எதிர்க்காதே! எதிர்க்காதடா!" என்று ஹோலிங்கர் ஒவ்வொரு அடிக்கும் கத்தினார். அவருடைய நெஞ்சுக் கேமராவில் பதிவு விளக்கு எரியவில்லை.

"நாலு. அஞ்சு."

"என்ன எண்ணிட்டிருக்கா இந்தக் கிழவி?"

"ஆறு," என்றாள் வெர்னா. பிறகு ட்ராமெலைப் பார்த்து, "ஐயா, நீங்க நின்னுக்கிட்டுதான இருக்கீங்க?" என்று கேட்டாள்.

ட்ராமெல் பெல்ட்டில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு போகிற வருகிற லாரிகளைப் பார்த்தார். ஏழும் எட்டும் தொடையில் விழுந்தன. அதோடு ஹோலிங்கருக்கு மூச்சு வாங்கியது. கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார். முறிந்த தோளை முறுக்கியபோது லூசியஸ் வாந்தி எடுத்தார்.

காருக்குள் போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. "அண்ணே! அண்ணே!" என்று ஸ்பீக்கர் அலறியது. ஹோலிங்கர் உள்ளே கைவிட்டு அதை அணைத்தார்.

"நீ இங்கயே உக்காரு கிழவி. யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்க."

போலீஸ் காரின் பின்சீட்டில் லூசியஸ் சாய்ந்து கிடந்தார். ஒரு கண் மூடிவிட்டது. ட்ராமெல் ஓட்டினார். ஹோலிங்கர் மடியில் பலகையை வைத்து அறிக்கை எழுதத் தொடங்கினார்.

"முழங்கையால என் வயித்துல இடிச்சான். நீ பாத்தல்ல?"

ட்ராமெல் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார்.

லூசியஸுக்கு அந்த வரியின் வேலை புரிந்தது. போலீஸ்காரரை அடித்தது பெருங்குற்றம். அந்த மூன்று விலக்குகளில் அது ஒன்று. அந்த வரி நின்றால் கைது செல்லும். அவர் இன்று இரவு லாக்கப்பில் இருப்பார். ஐந்து மணிக்கு மசோதா சாகும். அந்த வரி நிற்க இரண்டாவது ஆள் ஒருவர் தலையாட்ட வேண்டும்.

அப்போது ரேடியோ கரகரத்தது.

"எல்லா வண்டிகளுக்கும். சட்டமன்றத்துல சபை அழைப்பு போட்டிருக்காங்க. வர வேண்டியவர் ஒருத்தர். லூசியஸ் பெட்டிஃபோர்ட், வயசு அம்பத்தேழு, கறுப்பினத்தவர், பச்சை நிறக் கார். எங்க பாத்தாலும் சபைக்குக் கூட்டிட்டு வரணும். சபையோட உத்தரவு."

வலியோடு வலியாக லூசியஸுக்குச் சிரிப்பு வந்தது. மாரிசெல்! போனில் எல்லாம் கேட்டிருக்கிறாள். சபை அழைப்பு என்பது பழைய கருவி. வருடக்கணக்கில் யாரும் எடுக்காதது. பத்து உறுப்பினர்கள் எழுந்து கேட்டால் சபையின் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவர் வெளியே போக முடியாது. வராதவரைத் தேடிப் பிடித்து வரப் போலீஸுக்கு உத்தரவு போகும். அவர் வரும்வரை ஓட்டெடுப்பு நிற்கும். பூட்டைத் திறக்க ஐம்பது பேர் வேண்டும். எதிரணியிடம் இருப்பது நாற்பத்தொன்பது. அப்படியானால் கிராண்டல் இன்னும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

"டக், இவரத்தான் தேடறாங்க," என்றார் ட்ராமெல், சார்ஜென்ட்டைப் பெயர் சொல்லி.

"காதுல விழல. சத்தத்தக் கம்மி பண்ணு."

லூசியஸ் ரத்தத்தைத் துப்பினார். "ட்ராமெல் சார்," என்றார். "லிஃப்ட் கயிறு அறுந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"வாய மூடு," என்றார் ஹோலிங்கர்.

"விழாது. எல்லாரும் விழும்னு நினைக்கறாங்க. கூண்டுக்கு ரெண்டு பக்கமும் இரும்புத் தாடை இருக்கு. வேகம் அளவ மீறுன அந்த நொடி, தாடை தண்டவாளத்தக் கடிச்சிரும். மோட்டார்கிட்ட கேக்காது. மேல ரூம்ல இருக்கற ஆளுகிட்ட கேக்காது. அது தனி. அப்படித் தனியா ஒண்ணு இருக்கறதாலதான் நீங்களும் நானும் நம்பி ஏறுறோம்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "என் மசோதா அந்தத் தாடதான் சார். உங்களுக்கு எதிரானது இல்ல. உங்களத்தான் தாடையா வெச்சிருக்கு."

"வண்டிய நிறுத்து," என்றார் ஹோலிங்கர்.

"டக்..."

"நிறுத்துடா!"

சோளக் கிடங்கு ஒன்றின் பின்னால் கார் நின்றது. ஹோலிங்கர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். விலங்கு மாட்டிய ஆளால் கையை உயர்த்தக்கூட முடியாது. ஒன்பதாவது அடி முழங்காலில். பத்தாவது காதின் மேல்; உலகம் ஒரு பக்கம் ஊமையாகிப்போனது. மறு காதில் எங்கிருந்தோ கார் ஹாரன் நீளமாகக் கேட்டது. வெர்னா. சாவி வண்டியிலேயே இருந்திருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடமாக ஸ்டியரிங்கைத் தொடாதவள், ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் பின்னாலேயே வந்து, அங்கேயும் எல்லா அடியையும் பார்த்துவிட்டாள்.

பதினோராவது அடி வாயில் விழுந்தது. முன்பல் இரண்டு நாக்கின் மேல் கிடந்தன.

ஹோலிங்கர் மறுபடி ஓங்கினார்.

"பதினாலாம் நம்பர் வண்டி," என்றது ட்ராமெலின் குரல். மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. "சபை தேடற ஆளு எங்ககிட்ட இருக்காரு. உயிரோட இருக்காரு. சார்ஜென்ட் அவர அடிச்சுக்கிட்டு இருக்காரு. அவர் எதிர்க்கல. மறுபடி சொல்றேன், அவர் எதிர்க்கல. ஏழாம் நம்பர் ரோடு, சோளக் கிடங்குப் பின்பக்கம்."

ரேடியோவில் பேசினால் பதிவாகும். மாவட்டம் முழுக்கக் கேட்கும். அழிக்க முடியாது. ஹோலிங்கருக்கும் அது தெரியும். ஓங்கிய டார்ச்சை அவர் முன்ஜன்னல் வழியாக ட்ராமெலின் முகத்தில் இறக்கினார்.

மாநில நெடுஞ்சாலைப் போலீஸ் வந்து சேர எட்டு நிமிடம் ஆனது. அவர்கள் வந்தபோது ஹோலிங்கர் கிடங்குச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ட்ராமெல் மூக்கைப் பொத்தியபடி லூசியஸின் விலங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கா சார்?" என்று கேட்டார் மாநிலப் போலீஸ்காரர்.

"சபைக்கு," என்றார் லூசியஸ்.

சபை வாசலில் மணி நான்கு நாற்பத்தியிரண்டு. வாசற்காவலர் முப்பது வருடமாக அந்தக் கதவில் நிற்பவர். லூசியஸைப் பார்த்து அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் கையை நீட்டித் தடுத்தார்.

"ஐயா... மன்னிக்கணும். கோட்டும் டையும் இல்லாம..."

அது விதி. ஆண் உறுப்பினர் கோட்டு, டை இல்லாமல் சபைக்குள் கால் வைக்க முடியாது. வைத்தால் அவர் ஓட்டை எதிரணி செல்லாது என்று சொல்லலாம். டை கழுத்தில்தான் இருந்தது, பாதி கிழிந்து, ரத்தத்தில் ஊறி.

"கோட்டு இங்க இருக்கு," என்றாள் வெர்னா. பின்சீட்டுக் கொக்கியிலிருந்து எடுத்து மடிப்புக் கலையாமல் கொண்டுவந்திருந்தாள். முறிந்த தோளில் கை நுழையாது என்பதால் மேலே போர்த்திவிட்டாள். வில்லை தலைகீழாகத் தொங்கியது. அதை நிமிர்த்திக் குத்திவிட்டு மேல்மாடத்துக்குப் படியேறினாள்.

கதவு திறந்தது. தொண்ணூற்றெட்டுப் பேரும் மதியத்திலிருந்து பூட்டிக் கிடந்தவர்கள். உள்ளே வியர்வையும் பழைய சாண்ட்விச்சும் நாறியது. எதிரணியிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"சபாநாயகரே, உடை ஒழுங்கு பத்தி ஒரு ஆட்சேபணை..."

"டை கட்டியிருக்காரு," என்றாள் மாரிசெல். கண்ணில் நீர் வழிந்தாலும் குரல் கத்திமாதிரி இருந்தது. "சாயம் கொஞ்சம் மாறியிருக்கு, அவ்ளோதான். உக்காருய்யா."

எழுந்தவர் உட்கார்ந்தார்.

சபாநாயகர் தொண்டையைச் செருமினார். "உறுப்பினர் பெட்டிஃபோர்ட், உங்க பேருல ஒரு திருத்தம் இருக்கு. 'உடனே' என்பதற்குப் பதில் 'இயன்ற விரைவில்'. முன்மொழியறீங்களா?"

லூசியஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பல் இல்லாத இடத்தில் காற்று சீறியது.

"திரும்ப வாங்கிக்கறேன்."

மாரிசெல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, என்ன பண்றீங்க! கிராண்டல் போயிருவாரு. இப்படி நொறுங்கி வந்தது இதுக்கா? நாப்பத்தொம்போதோட செத்துரும்ணே!"

"தெரியும்." அவர் சபையைப் பார்த்தார். "இன்னிக்கு வழியில ஒரு போலீஸ்காரரு பக்கத்துல நின்னாரு. நல்ல மனுசன். அவரால எவ்ளோ சீக்கிரம் முடிஞ்சதோ அவ்ளோ சீக்கிரம் தடுத்தாரு. சத்தியமாச் சொல்றேன், அதுக்கு மேல சீக்கிரமா அவரால முடியல. அது பதினோரு அடி. இயன்ற விரைவுக்கு அளவு என்னன்னு கார்ல வரும்போது ஒருத்தவங்க கேட்டாங்க. எனக்கு அப்பத் தெரியல. 'உடனே'ன்னே இருக்கட்டும்."

உட்கார்ந்தார். உட்காரும்போது விலா குத்தியது.

ஓட்டெடுப்பு மணி அடித்தது. ஒவ்வொரு மேஜையிலும் இரண்டு பொத்தான்கள். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விளக்கு. தன் இருக்கையில், தன் விரலால் அழுத்த வேண்டும். லூசியஸ் இடது கையால் பச்சையை அழுத்தினார். பொத்தானில் ரத்தம் ஒட்டியது. பலகை மளமளவென்று நிறைந்தது. பச்சை நாற்பத்தொன்பது. சிவப்பு நாற்பத்தொன்பது. ஒரு பெயர் மட்டும் இருட்டில்.

ஹாரிஸ் கிராண்டல் எழுந்து பின்வாசலுக்கு நடந்தார். கஷ்டமான ஓட்டு வரும்போது கழிப்பறையில் போய் ஒளிந்துகொள்வது அந்தச் சபையில் எல்லோரும் செய்கிற வேலைதான். கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. சபை அழைப்பு இன்னும் அமலில் இருந்தது. ஓட்டு முடியும்வரை யாருக்கும் திறக்காது. இன்னொரு முறை இழுத்தார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் அந்தப் பெரிய உடம்பு கொஞ்ச நேரம் முதுகு காட்டி நின்றது. பிறகு திரும்பி, லூசியஸின் மேஜை வழியாக நடந்து வந்தது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் வந்தார். பார்த்துவிட்டார்.

"எதால அடிச்சான்?" என்று மெல்லக் கேட்டார்.

"டார்ச்சு."

"என் ஊர் போலீசுக்கும் அதே டார்ச்சுதான் குடுத்திருக்காங்க," என்றார் கிராண்டல். தன் இருக்கைக்குப் போனார். நின்றபடியே அழுத்தினார்.

பச்சை.

மேல்மாடத்திலிருந்து கைதட்டல் இடிபோல விழுந்தது. சபாநாயகர் சுத்தியால் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சுத்தியின் ஒவ்வொரு அடிக்கும் லூசியஸின் உடம்பு தானாகத் துள்ளியது. நான்காவது அடியில் அவர் மேஜையோடு சரிந்தார்.

ஸ்ட்ரெச்சரில் கண் விழித்தபோது நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். சுவரோரப் பெஞ்சில் ட்ராமெல் உட்கார்ந்திருந்தார். மூக்கு தட்டையாகியிருந்தது. சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஊசித்துளைகள் மட்டும் இருந்தன. அதை அவருடைய மேலதிகாரிகள் பறித்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இன்று நிறைவேறியது ஒரு சபையில்தான். மேல்சபை இருக்கிறது, கவர்னர் இருக்கிறார். அதுவரை, தடுத்தது கடமைதான் என்று சொல்லி அவரைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை.

வெர்னா அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"பதினொண்ணு," என்றாள். "நான் எண்ணினேன்."

ட்ராமெல் தலையைக் குனிந்தார். "தெரியும்மா. நானும் எண்ணினேன்."

"முதல் அடிக்கே உங்களுக்குத் தப்புன்னு தெரிஞ்சுதா?"

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள்கூடத் தங்களை அறியாமல் நின்றுவிட்டார்கள்.

"அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது," என்றார்.

வெர்னா அவரையே பார்த்தாள். "என் புள்ளைக்கு இருபத்திமூணு. அன்னிக்கு நாலு பேரு நின்னாங்க," என்றாள். மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பெஞ்சின் மறுகோடியில் இரண்டு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். லூசியஸின் கார்ச்சாவி அவள் கைக்குள் இருந்தது. அதை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.